இரண்டு ராத்திரி தாங்காத வண்டி

தெருவில் அவளைப் பல்செட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் வாயில் இருப்பதெல்லாம் சொந்தப் பல். இன்றைக்கும் பாதாம்கொட்டையைக் கடித்தே உடைப்பாள். நகரத்தின் பல் மருத்துவர்கள் சிலருக்குப் பொய்ப்பல் செய்து கொடுப்பதால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. வீட்டின் பின்னறைதான் பட்டறை. நீள மேசை, அதன்மேல் மெழுகு உருக்கும் சிறு விளக்கு, மூலையில் பிளாஸ்டர் மூட்டை, சுவர் முழுக்கத் தட்டுகள், தட்டுகளில் வரிசையாக வெள்ளைத் தாடைகள். முதல்முறை உள்ளே வருகிறவர்கள் வாசலிலேயே ஓரடி பின்வாங்குவார்கள். அவளுக்கோ அவை முகம் தெரியாத மனிதர்கள். எந்தப் பல் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று பார்த்தே, இவர் தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறவர், இந்தம்மா இடதுபக்கமே மெல்லுகிறவர் என்று சொல்லிவிடுவாள். உரியவர்களை நேரில் பார்த்ததேயில்லை.

செய்து முடித்த பற்களை வியாழக்கிழமைகளில் கொண்டுபோய்க் கொடுப்பாள். அதற்குத்தான் வண்டி.

வண்டி அவளுடைய அப்பாவுடையது. சாம்பல் நிறம், உருண்டை முகம், கார்புரேட்டர் காலத்துக் கார். அப்பா எடையளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் சந்தைக்குள் நுழைந்தால் எடைக்கல்லெல்லாம் தானாக நிமிர்ந்து உட்காரும் என்று அம்மா சொல்வாள். பேச்சு அளந்துதான் வரும்; அதிலும் நிறுவை ஒரு குன்றிமணி குறைவாகவே இருக்கும். கண் மருத்துவர் இனி ஓட்டக்கூடாது என்று சொன்ன அன்று, வீட்டுக்கு வந்ததும் நேரே பின்னறைக்குப் போய், மகளின் மேசையில் மெழுகுத் துண்டுகளுக்கு நடுவே சாவியை வைத்தார்.

"தினமும் எடு" என்றார். அவ்வளவுதான்.

பெரியவர்கள் சொல்லும் பொதுப்படையான புத்திமதி என்று அவள் எடுத்துக்கொண்டாள். வாரத்துக்கு ஒரு நாள் வேலைக்கு வண்டியைத் தினமும் எதற்கு எடுப்பது?

அன்று பிடித்தது தொல்லை. அப்பா கையில் சாவியைத் தொட்டால் ஓடிய வண்டி, அவள் கையில் கல்லுப் பிள்ளையாராக உட்கார்ந்துவிட்டது. செல்ஃப் சுற்றும், சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும். பேட்டரியின் குரல் மெல்ல இறங்கி, இனி முடியாது என்று கெஞ்சும் நேரத்தில் ஒரு இருமல், இன்னொரு இருமல், பிறகு மனசு வந்தால் ஓடும். ஓடிவிட்டால் எந்தக் குறையும் கிடையாது. அன்று முழுக்க எத்தனை இடத்தில் நிறுத்தி எடுத்தாலும் தொட்டதும் பிடிக்கும். அடுத்த வியாழன் பழைய குருடி கதவைத் திறடி.

தெருவில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். பேட்டரியை மாற்றச் சொன்னார் ஒருவர், மாற்றினாள். பிளக்கை மாற்றினாள். சோக்கைச் சரிபார்த்தாள். பெட்ரோல் பம்பையே புதிதாகப் போட்டாள். மெக்கானிக் வரும்போதெல்லாம், அதற்குள் யாராவது அதை எழுப்பி ஓட விட்டிருப்பார்கள். அவர் சாவியைத் திருப்பினால் சொன்ன பேச்சுக் கேட்கும் பிள்ளையாக நிற்கும். பல் மருத்துவர் வீட்டு வாசலுக்குப் போனதும் பல்வலி பறந்துவிடுமே, அதே கதை. மெக்கானிக் நல்ல மனிதர்தான். வண்டிக்கு ஒன்றுமில்லை, ஓட்டுகிறவருக்குக் கை பழக வேண்டும் என்று நயமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அவள் கணவருக்கு இந்த விஷயத்தில் எந்த உதவியும் செய்ய வராது. பள்ளிக்கூடத்தில் புவியியல் நடத்துகிறவர். உலகத்து நதிகளின் நீளமெல்லாம் மனப்பாடம்; பானெட்டைத் திறக்கும் பிடி எங்கே இருக்கிறது என்று தெரியாது. ஆனால் கூப்பிட்டால் வந்து டார்ச் பிடிப்பார்.

அவளை உண்மையில் குத்தியது அப்பாவின் மௌனம். முன்னறை ஜன்னலுக்குப் பக்கத்தில்தான் அவருடைய நாற்காலி. ஒவ்வொரு வியாழனும் அவள் செல்ஃப் அடிக்கும் சத்தம் முழுக்க அவர் காதில் விழும். ஒரு வார்த்தை சொல்லமாட்டார். சாப்பாட்டு மேசையில் முகத்தைப் பார்த்தால், தராசில் எதையோ வைத்து முள் நிற்பதற்காகக் காத்திருப்பவர் மாதிரி இருப்பார். தன்னைத்தான் நிறுக்கிறார் என்று அவளுக்குத் தோன்றும்.

ஏனென்றால் அந்த வண்டி வீட்டில் வெறும் வண்டியில்லை. அப்பா யாரையும் மடியில் வைத்துக் கொஞ்சியவரில்லை. ஆனால் ஒரு நாள்கூட அவளையும் தம்பியையும் பள்ளிக்கு நடக்க விட்டதில்லை. பள்ளி கூப்பிடு தூரம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கல்லை உதைத்துக்கொண்டே போய்ச் சேர்ந்துவிடுவார்கள். இவர்கள் மட்டும் பின்சீட்டில் ராஜா வீட்டுப் பிள்ளைகளாக, ரயில் பாதையைச் சுற்றி நீள வழியில் போய் இறங்குவார்கள். விடுமுறை நாளில்கூடக் காலையில் ஒரு சுற்று உண்டு. காய்ச்சலில் கிடந்தால் போர்வையோடு தூக்கிப்போய் உட்காரவைத்து ஒரு சுற்று. வெளிநாட்டில் இருக்கும் தம்பி இன்றும் தன் பிள்ளைகளிடம், எங்க அப்பா எங்களை எப்படி வெச்சிருந்தார் தெரியுமா என்று தொடங்கி இந்தக் கதையைத்தான் சொல்கிறான்.

அப்படிப்பட்ட வண்டி தன் கையில் நொண்டுகிறது.

ரயில் நிலைய அறிவிப்பாளர் விஷயம் நடந்த பிறகுதான் வண்டியைத் தானே பார்த்துவிடுவது என்ற முடிவுக்கு அவள் வந்தாள். அந்த மனிதருக்கு முன்பல் வரிசை முழுக்கப் போய்விட்டது. "ஏழாவது" என்று சொன்னால் காற்றுத்தான் வருகிறது என்று நிலையத்தில் விடுப்புக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அவருடைய பல் தயாராகி, மருத்துவர் வரச்சொல்லி, அவரும் காலையிலேயே போய் உட்கார்ந்துவிட்டார். இங்கே செல்ஃப் சுற்றிக்கொண்டே இருந்தது, வண்டி பிடிக்கவில்லை. கடைசியில் அவள் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் போனாள். வழியெல்லாம் நெரிசல். பேருந்து குலுங்கும்போதெல்லாம் பெட்டிக்குள் பல் கடகடத்தது. பக்கத்து இருக்கைக்காரர் அவளையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எழுந்து நின்றுகொண்டார்.

திரும்பி வந்ததும் யோசித்தாள். பொய்ப்பல் பொருந்தவில்லை என்று திரும்பி வந்தால், அவள் எடுத்த எடுப்பில் அரத்தைத் தொடமாட்டாள். எங்கே தொடுகிறது, எங்கே தொடவில்லை என்று முதலில் பார்ப்பாள். ஒரு நேரத்தில் ஒரு இடத்தைத்தான் சுரண்டுவாள். இரண்டு இடத்தைச் சுரண்டினால் எது சரிசெய்தது, எது கெடுத்தது என்று தெரியாமல் போகும். வண்டி விஷயத்தில் தான் இதுவரை செய்தது முழுக்கத் தலைகீழ் என்று புரிந்தது. எல்லோரும் ஓடுகிற வண்டியைப் பார்த்தார்கள். இதற்கோ நின்றால்தான் நோய். நிற்கும்போதே பார்க்க வேண்டும்.

வண்டியைத் தொடாமல் சில நாள் விட்டாள். பிறகு ஒரு காலை, சாவியைப் போடாமலே காற்று வடிகட்டியின் மூடியைக் கழற்றி, கார்புரேட்டரின் தொண்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தாள். பல் மருத்துவர்கள் செய்கிற வேலை. அவளுக்கு இதுதான் முதல் வாய். கணவரை உள்ளே உட்காரவைத்து ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொன்னாள். மிதித்தால் உள்ளே இருக்கும் ஊசித்துளையிலிருந்து பெட்ரோல் கீற்றாகப் பீய்ச்ச வேண்டும். மிதித்தார். ஒன்றும் வரவில்லை. மறுபடி மிதித்தார். ஒரு சொட்டுகூட இல்லை.

கார்புரேட்டருக்குள் ஒரு சின்னக் கிண்ணம் உண்டு. பம்பு அனுப்பும் பெட்ரோல் அதில் வந்து தங்கும், எஞ்சின் அதிலிருந்துதான் குடிக்கும். கிண்ணம் காய்ந்து கிடந்தால், செல்ஃப் சுற்றிச் சுற்றிப் பம்பு வேலை செய்து அதை நிரப்பும்வரை எஞ்சினுக்குக் குடிக்க எதுவும் இருக்காது. பட்டறையில் இருந்த ஊசியில்லாத சிரிஞ்சில் பெட்ரோல் எடுத்து, காற்றுத் துளை வழியாகக் கிண்ணத்தில் மெதுவாக இறக்கினாள். இப்போது மிதித்ததும் கீற்று அடித்தது. சாவியைத் திருப்பச் சொன்னாள். கணவர் பயந்துகொண்டே திருப்ப, வண்டி தொட்டதும் பிடித்தது.

பேட்டரி, பிளக், சோக், பம்பு எல்லாம் நிரபராதிகள். கிண்ணத்துப் பெட்ரோல் எங்கே போகிறது என்பதுதான் கேள்வி.

எஞ்சின் சூட்டில் ஆவியாகிறதோ என்று ஒரு சந்தேகம். வண்டியை ஓட்டாமல், குளிர்ந்த எஞ்சினிலேயே கிண்ணத்தை நிரப்பி விட்டுப் பார்த்தாள். ஒரு ராத்திரிக்குப் பாதி இருந்தது. இரண்டாவது ராத்திரிக்குப் பிறகு துடைத்துவிட்டதுபோலக் காய்ந்திருந்தது. சூடே இல்லாமல் காய்கிறது என்றால் ஒழுகுகிறது என்றுதான் அர்த்தம்.

கார்புரேட்டரைக் கழற்றினாள். பட்டறையில் விளக்கு எரியும் என்பதால் பெட்ரோலோடு அங்கே போகக்கூடாது. கொல்லைப்புறத்துத் துணி துவைக்கும் கல்லின்மேல் வைத்தாள். அடிப்பாகத்தைத் துடைத்து உலரவிட்டு, பல் வார்ப்புகளில் நூல்விரிசல் தேட வைத்திருக்கும் வெள்ளைப் பவுடரை அதன்மேல் தூவி, கிண்ணத்தை நிரப்பிவிட்டுக் காத்திருந்தாள். கார்புரேட்டரை வார்த்தவர்கள் துளைபோட்டுவிட்டு ஈயக்குண்டு வைத்து அடைத்திருந்த இடங்கள் அடியில் இரண்டு இருந்தன. ஒன்று வெளுப்பாகவே இருந்தது. மற்றதைச் சுற்றி மெல்ல ஒரு ஈர வளையம் தோன்றி, கண்ணெதிரே அகன்றது.

அந்த இடத்தைச் சுத்தம் செய்ய மெழுகுக் கத்தியால் சுரண்டினாள். ஈயக்குண்டின் ஓரத்தில் பழுப்பேறிய ஏதோ கட்டி, எலும்பாக இறுகிக் கிடந்தது. பெயர்ந்து விழுந்த துண்டைக் கணவர் உருட்டிப் பார்த்துவிட்டு, குழாயில் கை கழுவப் போனார். போனவர் அங்கேயே நின்றார்.

"இங்க வாயேன்" என்றார். உள்ளங்கையில் நுரை வந்திருந்தது. "சோப்பு. இதுக்கு யாரு குளிப்பாட்டி விட்டது?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றது. பெட்ரோலுக்குச் சோப்பு கரையாது. வழியில் ஒழுகினால் ஓட்டுநர்கள் அதைத்தான் அப்புவார்கள். சாவி அவள் கைக்கு வரும்வரை இந்த வண்டியின் பானெட்டைத் திறந்தவர் ஒருவர்தான். சுரண்டிய இடத்தை உற்றுப் பார்த்தாள். ஒன்றின்மேல் ஒன்றாகப் பல அடுக்குகள். ஒரு நாள் அவசரத்துக்கு வைத்ததில்லை. வருஷக்கணக்கில் வைத்தது.

ஈரக் கையோடு முன்னறைக்குப் போனாள். அப்பா வானொலி கேட்டுக்கொண்டிருந்தார். சோப்புத் துண்டை அவர் உள்ளங்கையில் வைத்தாள். பார்வை மங்கியிருந்தாலும் விரலுக்குத் தெரிந்தது. வானொலியை அணைத்தார்.

"கண்டுபிடிச்சிட்டியா" என்றார்.

பிறகு சொன்னார், துண்டு துண்டாக. வாங்கிய சில மாதத்திலேயே தெரிந்துவிட்டதாம். ஒரு ராத்திரி தாங்கும், இரண்டு ராத்திரி தாங்காது. சோப்பு வைத்தால் கொஞ்சம் மட்டுப்படும், நிற்காது. வண்டிப் பட்டறைக்காரன், கழற்றிப் பார்க்க வேண்டும், விட்டுவிட்டுப் போங்கள் என்றான். வண்டி பட்டறையில் கிடந்தால் ஊர் பார்க்கும். வாங்கும்போதே அம்மாவின் அண்ணன், படகுத்துறை மாமா, இந்த வண்டி வேண்டாம் மாப்பிள்ளை, உங்கள் கழுத்தை அறுக்கும் என்று எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார். ஊரார் தராசில் குறை பிடிக்கிறவன் தன் வாசலில் ஓட்டை வண்டியை நிறுத்தியிருக்கிறான் என்று பேச்சு வரலாமா? அதனால் நிற்கவே விடவில்லை. தினமும் எடுத்தார்.

அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"அப்ப எங்களை ஸ்கூல்ல கொண்டுபோய் விட்டது?"

அப்பா சோப்பை விரலுக்கிடையில் உருட்டினார். பொய் எடை சொல்ல அவருக்கு வராது.

"வண்டியை எங்கேயாவது ஓட்டணுமே" என்றார்.

அப்போதுதான் சமையலறை வாசலில் அம்மா நிற்பதை இருவரும் கவனித்தார்கள். கையில் துடைத்துக்கொண்டிருந்த தட்டு. எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை.

"ஏரிக்கு நடுவுல என் தங்கச்சி வீடு இருக்கே" என்றாள் அம்மா, மெதுவாக. "அங்க ஒரு ராத்திரிகூடத் தங்கவிடாம கூட்டிட்டு வந்தீங்களே. அதுவும் இதுக்குத்தானா?"

சித்தி தீவில் வாழ்க்கைப்பட்டவள். கரையில் படகுத்துறை, வண்டியை அங்கே விட்டுவிட்டுப் படகில் போக வேண்டும். துறையில் படகுச்சீட்டு விற்றவர் அதே மாமா. போனால் சாயங்காலக் கடைசிப் படகில் திரும்பிவிடுவார் அப்பா. அக்காவும் தங்கையும் பாதிப் பேச்சில் எழுந்து நிற்பார்கள். நாலு நாள் தங்கிப் பேசித் தீர்க்க வேண்டும் என்பது அம்மாவின் கல்யாண காலத்து ஆசை. அவருக்கு வேற கட்டிலில் தூக்கம் வராது என்று வீட்டில் ஒரு பேச்சு நிலைத்துவிட்டது. அதை முதலில் சொன்னது யார் என்று யாரும் கேட்கவில்லை.

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். மச்சான் கண்ணெதிரே வண்டி சில நாள் நின்று, எடுக்கும்போது மக்கர் செய்தால் என்ன ஆகும் என்பதை அவர் விளக்க வேண்டியிருக்கவில்லை. அம்மா தட்டை மேசைமேல் வைத்துவிட்டு உள்ளே போனாள். சண்டை போடவில்லை. அதற்குப் பிறகு பல நாள், உங்கப்பாவைச் சாப்பிட வரச்சொல்லு, உங்கப்பாகிட்ட மாத்திரையைக் கொடு என்று எல்லாம் மகள் வழியாகவே நடந்தது. ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்திருக்கும்போதும் அப்படித்தான். நடுவில் நின்று செய்தி கொண்டுபோன பல்செட்டக்காவுக்கும் அப்பாவிடம் பேச மனம் வரவில்லை.

கணவர் தம்மால் முடிந்ததைச் சொன்னார். உங்கப்பா எதற்காக ஓட்டியிருந்தாலும் நீ சவாரி போனது நிஜம்தானே என்றார். அது நியாயமாகத்தான் இருந்தது, ஆறவில்லை. தம்பிக்குப் போன் செய்து சொல்ல எடுத்தாள். மறுமுனையில் பிள்ளைகள் சத்தம் கேட்டது. வேறு ஏதோ பேசிவிட்டு வைத்துவிட்டாள்.

வேலை மட்டும் நிற்கவில்லை. ஒட்டுவதற்குத் தன் பட்டறைப் பொருளையே முதலில் நினைத்தாள். ஈறு செய்யும் பிசினில் ஒரு துண்டைப் பெட்ரோல் பாட்டிலில் போட்டுவைத்தாள். சில நாளில் அதில் மயிரிழை விரிசல்கள் ஓடின. பல்லுக்கு ஆகும், பெட்ரோலுக்கு ஆகாது. கடையில் கிடைக்கும், இரண்டு குழாயிலிருந்து பிதுக்கிக் கலக்கும் பசையில் ஒரு மணியை உருட்டிக் காயவைத்துப் போட்டாள். அது போட்டபடியே கிடந்தது. ஈயக்குண்டைச் சுற்றி உலோகம் பளிச்சென்று தெரியும்வரை சுரண்டி, பசையை மெழுகுக் கத்தியின் முனையில் எடுத்து, ஈறுக்கு விளிம்பு கட்டுவதுபோல வழித்துவிட்டாள்.

காயும் நேரத்தில் ஒரு மேல்தாடைக்கு மெழுகு சீவிக்கொண்டிருந்தாள். கை தன்போக்கில் வேலை செய்ய, மனம் பள்ளி வாசலுக்குப் போனது. இறங்கி, வாசலைத் தாண்டி, மைதானம் முழுக்க நடந்து, வகுப்பறைப் படியில் ஏறும்போது திரும்பிப் பார்ப்பாள். வண்டி நின்றுகொண்டிருக்கும். அவள் கையாட்டிய பிறகுதான் நகரும். தம்பிக்கும் அப்படியே, அவன் வழியில் செருப்பை அவிழ்த்து மண் தட்டினால் அதுவரைக்கும் நிற்கும். அதற்குள் எஞ்சின் சூடாகியிருக்கும், கிண்ணம் நிரம்பியிருக்கும். வண்டிக்கு அவ்வளவு நேரம் அங்கே நிற்கத் தேவையே இல்லை.

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி எடுத்துச் சீவினாள். அன்று சாயங்காலம் அப்பாவுக்குத் தேநீர் அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் கோப்பையை வாங்கும்போது, காய்ந்துவிட்டதா என்று மட்டும் கேட்டார்.

கார்புரேட்டரைத் திரும்ப மாட்டி, வண்டியை ஓடவிட்டு, நிறுத்தினாள். எடுக்கக்கூடாது என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவைத்தாள். ஒரு ராத்திரி போயிற்று, இரண்டு ராத்திரி போயிற்று. மூன்றாம் நாள் காலை அப்பா குளித்து, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அவள் அன்றும் வண்டியைத் தொடவில்லை. ஒரு வாரம் முழுக்க நின்ற பிறகு போய்ச் சாவியைத் திருப்பினாள். இரண்டு சுற்று, பிடித்தது.

அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். எஞ்சினை அணைக்கச் சொல்லி, சூடு படாமல் பார்த்து, அவள் கையைத் துணையாகக் கொண்டு கார்புரேட்டரின் அடியில் விரலை விட்டுத் தடவினார். வழவழவென்று ஒரு மேடு. உலர்ந்திருந்தது. விரலை முகர்ந்து பார்த்தார்.

"இவ்வளவுதானா" என்றார். பெருமையா, வருத்தமா என்று அவளால் பிரிக்க முடியவில்லை. இத்தனை வருஷம் சுமந்தது மிளகளவுதான் என்று தெரிந்த முகம் அது.

பின்னாலேயே அம்மா வந்து நின்றாள்.

"இது நாலு நாள் நிக்குமா?" என்று மகளைக் கேட்டாள்.

"நிக்கும்மா."

"அப்ப உங்கப்பாவைத் துணி எடுத்து வைக்கச் சொல்லு. ஏரிக்குப் போறோம்."

அடுத்த வெள்ளிக்கிழமை நால்வரும் கிளம்பினார்கள். பல்செட்டக்கா ஓட்டினாள், அப்பா பக்கத்தில், பின்சீட்டில் அம்மாவும், வழியிலுள்ள மேடு பள்ளங்கள் எப்படி உண்டாயின என்று யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டு வந்த மருமகனும். படகுத்துறை நெருங்க நெருங்க அப்பாவின் கை கதவுப் பிடியை இறுக்கியது.

மாமாவுக்கு வயது ஏறிவிட்டது. சீட்டு விற்பதை மகனிடம் விட்டுவிட்டு, துறை ஓரத்து பெஞ்சில் கம்பை ஊன்றி உட்கார்ந்திருந்தார். வண்டியைப் பார்த்ததும் எழுந்து வந்து பானெட்டைத் தட்டிக்கொடுத்தார்.

"இன்னும் ஓடுதா மாப்பிள்ளை? நான் அன்னிக்கே சொன்னேனே. கண்ணை மூடிக்கிட்டு வாங்குங்க, கல்லு மாதிரி இருக்கும்னு."

அப்பா வாயைத் திறந்தார், மூடினார். திருத்தப் போகிறார் என்று மகள் நினைத்தாள். வாழ்நாள் முழுக்கத் திருத்தியவர். அவர் கிழவரின் முகத்தைப் பார்த்தார். அதில் களங்கமே இல்லை.

"சொன்னீங்க மச்சான்" என்றார்.

அம்மா சிரித்த சிரிப்பில் பையைக் கீழே வைத்துவிட்டு பெஞ்சில் உட்கார வேண்டியதாயிற்று. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தவள், நேரே அப்பாவைப் பார்த்து, "வாங்க, படகு போயிடும்" என்றாள். பல நாளுக்குப் பிறகு மகள் வழியாக வராத முதல் வார்த்தை அது.

சித்தி வீட்டில் முதல் ராத்திரி அப்பா விட்ட குறட்டையில் வீடே விழித்திருந்தது. வேற கட்டில்ல தூக்கம் வராதுன்னாங்களே, இது யாரோட தூக்கம் என்று காலையில் சித்தி கேட்டாள். ஆனால் விடிந்ததும் அவர் கரைப்பக்கம் போய் நின்றுகொண்டார். எதிர்க்கரையில் வண்டி இருக்கும் திசை அவருக்கு மங்கலாகத்தான் தெரியும், இருந்தாலும் நின்றார். இரண்டாம் நாளும் நின்றார். மூன்றாம் நாள் சித்தப்பாவோடு வலை காயப்போடப் போய், நிற்க மறந்துவிட்டார்.

அக்காவும் தங்கையும் பேசினார்கள். காய் நறுக்கும்போது, துணி மடிக்கும்போது, விளக்கை அணைத்த பிறகும். ஒரு மத்தியானம் சித்தி தூங்கிவிட, பல்செட்டக்கா அம்மாவிடம் கேட்டாள், உனக்கு இது கொஞ்சம்கூடத் தெரியாதா என்று.

"குளியலறையில சோப்பு பாதி பாதியா காணாமப் போகும். எலின்னு எவ்வளவு நாள் நம்புறது? வண்டியில ஏதோ ஓட்டை, மறைக்கிறார்னு தெரியும். போகட்டும், மானஸ்தன்னு விட்டுட்டேன்." அம்மா ஏரியைப் பார்த்தாள். "இங்க தங்காததுக்கும் அதுக்கும் முடிச்சு போடத் தெரியலை. என் தங்கச்சியை அவருக்குப் பிடிக்கலைன்னு நினைச்சேன். அவளும் அப்படித்தான் நினைச்சிருக்கா. ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கலை."

அம்மா எழுந்துபோய், தூங்கும் தங்கையின் காலடியில் கிடந்த போர்வையை இழுத்துப் போர்த்திவிட்டாள்.

திங்கட்கிழமை என்று சொன்னது செவ்வாய்க்குத் தள்ளிப்போனது. செவ்வாய்க்கிழமை காலை கரைக்கு வந்தார்கள். பெஞ்சில் மாமா இல்லை. மழைத் தூற்றலுக்கு வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டார். படகுக்காரர்கள் கயிறு சுற்றிக்கொண்டிருந்தார்கள். அப்பா ஏறி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். முதல் திருப்பலில் வண்டி கொஞ்சம் இழுத்தது; ஈரக் காற்று, நின்ற நாட்கள், எல்லாம் உண்டு. அவள் ஆக்சிலேட்டரை ஒருமுறை மிதித்து விட்டு, மறுபடி திருப்பினாள். பிடித்துக்கொண்டது. அப்பா கண்ணைத் திறந்து இடமும் வலமும் பார்த்தார். துறையில் ஒருவரும் இந்தப் பக்கம் தலையைத் திருப்பியிருக்கவில்லை.

"யாரும் பார்க்கலை" என்றார், பாதி தனக்குத்தானே.

"நான் பார்த்தேன்பா" என்றாள் அவள்.

அடுத்த மாதம் அப்பாவும் அம்மாவும் தாங்களாகவே பேருந்தில் கிளம்பினார்கள். புதன்கிழமை ஓய்வாக இருக்கிறேன், வண்டியில் கொண்டுபோய் விடுகிறேன் என்று அவள் எவ்வளவோ சொன்னாள். அங்கே போய் நிற்கத்தானே போகிறது, உனக்கு வேலை கிடக்கும் என்று அப்பா பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். சொன்ன நாளில் திரும்பவில்லை. சித்தி வீட்டிலிருந்து அம்மா போன் செய்தாள். அப்பாவுக்குத் தூண்டில் போடப் பழக்கமாகிவிட்டதாம், மீன் கடிப்பது விரலில் தெரிகிறதாம், ஞாயிறு வரை இருக்கலாம் என்கிறாராம். அவளிடம் அனுமதி கேட்பதுபோல இழுத்தாள்.

"இருங்கம்மா, அவசரம் என்ன" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள் பல்செட்டக்கா. மேசையில் ஒரு கீழ்த்தாடை காத்துக்கொண்டிருந்தது. யாரோ, வலதுபக்கமே மெல்லுகிறவர். விளக்கைப் பற்றவைத்து மெழுகைச் சூடுகாட்டினாள்.